டெண்ட், கேம்பர்வேன்னு நான் இழந்த காசும் தூக்கமும்: வாங்க போறவங்க ஒரு தடவை படிச்சிருங்க

போன வாரம் லஞ்ச் நேரத்துல, ஆபீஸ்ல கூட வேலை செய்யுற தங்கச்சி ஒருத்தி ஹென்போனை என் பக்கம் நீட்டி, "அக்கா, பிள்ளைங்களுக்கு டெண்ட் வாங்கலாம்னு பாக்குறேன், ஆறு பேர் படுக்கலாமாம், 150 வெள்ளிதான் (மலேசிய ரிங்கிட்), வாங்கட்டா?"ன்னு கேட்டா. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. 2022ல நான் வாங்குனதும் அச்சு அசல் அதே மாதிரிதான், கலர் மட்டும் வேற. வேணாம்மா, கொஞ்சம் பொறுன்னு சொல்லிட்டு எனக்கு நடந்ததை அவகிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். சொல்ல சொல்லத்தான் எவ்வளவு காசு போயிருக்குன்னு எனக்கே உறைச்சுது. எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா 7,000 வெள்ளிக்கு கிட்ட செலவு, அதுல 4,500க்கு மேல சுத்தமா வீண். நான் அப்போ யாரையும் கேக்கல, கேக்கறதுக்கும் ஆள் இல்ல, எங்க குடும்பத்துல யாரும் கேம்பிங் போனதே கிடையாது. அதான் நடந்ததை நடந்தபடியே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

நாங்க இருக்கறது மலேசியாவுல, கேஎல் (கோலாலம்பூர்) பக்கத்துல செலாயாங்ல ஒரு அப்பார்ட்மெண்ட், 11ஆவது மாடி. வீட்டுக்காரர் லோரி ஓட்டுறவர், ஜொகூர், கிளந்தான்னு வாரத்துல நாலஞ்சு நாள் ரோட்டுலதான் இருப்பார். அப்போ பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 4. கோவிட் நேரத்துல ரெண்டும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்ததைப் பார்த்துப் பார்த்து, எல்லாம் தெறந்த பிறகு எப்படியாவது ஆறு, காடுன்னு கூட்டிட்டுப் போயே ஆகணும்னு மனசுல ஒரு வைராக்கியம். 2022 தீபாவளி முடிஞ்ச கையோட மூணு நாள் லீவு இருந்துச்சு, 169 வெள்ளிக்கு ஆன்லைன்ல ஒரு டெண்ட் வாங்குனேன், கயிறை இழுத்தா குடை மாதிரி தானா விரியும், எங்க சின்ன மைவி கார் பூட்ல போட்டுக்கிட்டு நானும் பிள்ளைங்களும் மட்டும் பஹாங்ல இருக்கற ஜண்டா பாயிக் கெளம்பிட்டோம். காராக் ஹைவேல போனா ஒரு மணி நேரம்கூட ஆகாது.

டெண்ட் ரெண்டு நிமிஷத்துல விரிஞ்சுது, அது உண்மைதான். பக்கத்துல ஒரு சீன குடும்பம் முக்கா மணி நேரமா கட்டிக்கிட்டு இருந்தாங்க, எனக்கு பெருமையா இருந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மழை வந்துச்சு பாருங்க. அக்டோபர், நவம்பர் மாசம் நம்ம பக்கம் சாயங்காலமானா எப்படி கொட்டும்னு எல்லாருக்கும் தெரியும், கேஎல்ல வருஷத்துல ரெண்டு காலம் மழை அதிகம், ஏப்ரல் பக்கம் ஒரு தடவை, அக்டோபர் நவம்பர்ல ஒரு தடவை. நான் போனது சரியா அந்த நேரத்துல. முதல் அரை மணி நேரம் ஒண்ணும் தெரியல. அப்புறம் மேல ரெண்டு துணியும் சேர்ற தையல்ல ஒரு சொட்டு நின்னுச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தேன், அது விழல, பக்கத்துல இன்னொண்ணு வந்து நின்னுச்சு, அப்புறம் தையல் நீளத்துக்கும் பாசிமணி கோர்த்த மாதிரி வரிசையா நின்னு, மொத்தமா சின்னவ தலகாணி மேல விழுந்துச்சு. மைலோ டின்னை எடுத்து பிடிச்சேன். அது மேல. கீழ தரை அதைவிட மோசம், கை வெச்சா தண்ணி மெத்தை மாதிரி துணிக்கு அடியில தண்ணி ஓடுது, முட்டி போட்டா அந்த எடத்துல கசிஞ்சு மேல வருது. எட்டு மணிக்கு போர்வை, துணிமணி எல்லாம் நனைஞ்சு, ரெண்டு பிள்ளைங்களையும் தூக்கிட்டு காடிக்கு ஓடிட்டேன். சின்னவளுக்கு உடம்பு நடுங்குது. டேஷ்போர்டுல இருந்த டிஷ்யூவால தலைய துவட்டி விட்டு, சீட்டை சாய்ச்சு, விடிய விடிய மூணு பேரும் மைவிக்குள்ளதான். அவங்க தூங்குன பிறகு நான் அழுதுட்டேன். பிள்ளைங்களை ஒரு நல்ல எடத்துக்கு கூட்டிட்டுப் போகக்கூட நமக்கு துப்பு இல்லையேன்னு அன்னிக்கு ராத்திரி எனக்கு அவ்வளவு வேதனை.

அந்த டெண்ட்ல என்னென்ன தப்புன்னு எனக்கு புரிய அப்புறம் பல மாசம் ஆச்சு, நீங்க இப்பவே தெரிஞ்சுக்குங்க. ஆறு பேர்னு போட்டிருந்தா ஆறு மெல்லிசு பாயை ஒட்டி ஒட்டி போட்டா எடம் இருக்கும்னுதான் அர்த்தம், பை வைக்க, துணி மாத்த எடம் அதுல சேர்த்தி இல்ல, அதனால நம்ம தலைக்கணக்கோட ரெண்டைக் கூட்டி வாங்கணும். அடுத்தது தண்ணி தாங்குற அளவு, மில்லிமீட்டர்ல போட்டிருப்பாங்க. அதாவது அந்த துணி மேல ஒரு குழாயை நிக்க வெச்சு தண்ணி ஊத்திக்கிட்டே வந்தா எத்தன மில்லிமீட்டர் உசரம் வரைக்கும் ஒழுகாம தாங்குதுன்னு பாக்குற கணக்கு. நம்ம ஊர் மழைக்கு மேல் துணி 2,000க்கு குறையாம பாருங்க, தரை 3,000க்கு மேல இருந்தா நல்லது, ஏன்னா நாம முட்டி போட்டு அழுத்துறப்போ அந்த எடத்துல அழுத்தம் பல மடங்கு ஆயிடும். என்னோடதுல அந்த நம்பரே போடல. நம்பர் போடலன்னா வாங்காதீங்க, அவ்வளவுதான். அதோட உள்பக்கம் தையல் மேல டேப் ஒட்டியிருக்கணும், கடையில உள்ள போய் தடவிப் பாருங்க, பிளாஸ்டிக் பட்டை மாதிரி வழவழன்னு கைக்கு படும். டேப் இல்லன்னா துணி எவ்வளவு நல்லதா இருந்தாலும் ஊசி ஓட்டை வழியா தண்ணி வரும். அப்புறம் வெளி கவர். என் டெண்ட்ல அது உச்சியில ஒரு தொப்பி மாதிரிதான் இருந்துச்சு, காத்தோட சாய்வா வர்ற மழைக்கு அது ஒண்ணுத்துக்கும் உதவாது, கவர் தரைக்கு ஒரு சாண் மேல வரைக்கும் சுத்தி இறங்கணும். கடைசியா, தப்பு எல்லாம் டெண்ட் மேல மட்டும் இல்ல, நானும் ஒண்ணு செஞ்சேன். தரையில ஈரம் ஏறாம இருக்கட்டும்னு நீல கேன்வஸ் ஒண்ணு பெருசா விரிச்சு அது மேல டெண்டை வெச்சேன், நாலு பக்கமும் ஒரு முழம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மழைத்தண்ணி அதுல விழுந்து நேரா டெண்டுக்கு அடியில போய் குளம் கட்டிருச்சு. அடியில விரிக்கிற ஷீட் டெண்ட் தரையைவிட சின்னதா இருக்கணும், ஓரம் வெளிய தெரியவே கூடாது.

அது நடந்து ரெண்டு மாசம் ஆகல, டிசம்பர் 16ஆம் தேதி விடியக்காலை பத்தாங்காலி மண்சரிவு. கேம்ப் தளத்துல டெண்ட்ல தூங்கிக்கிட்டு இருந்த குடும்பங்க மேல மண் சரிஞ்சு 31 பேர் செத்துப் போனாங்க, அதுல சின்னப் பிள்ளைங்களும் உண்டு. அந்த செய்திய பாத்துக்கிட்டு என்னால ஒரு வாய் சோறு சாப்பிட முடியல. பள்ளி லீவுன்னு எங்களை மாதிரிதானே அவங்களும் போனாங்க. அந்த எடத்துக்கு கேம்ப் நடத்த லைசென்ஸ் இல்லன்னு அப்புறம் அதிகாரிங்க சொன்னாங்க. அன்னியிலேர்ந்து டெண்டைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்ன எடத்தைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சேன். புக் பண்றதுக்கு முன்ன போன் பண்ணி, கவுன்சில் லைசென்ஸ் இருக்கான்னு வாயத் தெறந்து கேட்டுடுறேன், மழுப்புனா வேற எடம் பாக்குறேன். போய் சேர்ந்ததும் டெண்டை எறக்காம முதல்ல சுத்தி நடந்து பாப்பேன். பின்னாடி செங்குத்தா வெட்டுன மண் மேடு இருந்தா அதுக்கு கீழ வேணாம், மரத்துல காஞ்ச கெளை தொங்குனா அதுக்கு கீழயும் வேணாம்.

ஆத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும், உலு லங்காட்ல ஒரு பாக்சிக், அதான் வயசான மலாய்க்காரர், எனக்கு சொல்லிக் குடுத்தது. நான் ஆத்துலேர்ந்து பத்தடியில டெண்ட் போட போனேன், பிள்ளைங்க கண்ணு முன்னாடி விளையாடுமேன்னு. அவர் தூரத்துலேர்ந்து கைய ஆட்டிக்கிட்டே வந்து, மேல இருந்த மேடான எடத்தை காட்டி அங்க போங்கன்னுட்டார். "கெப்பாலா ஆயர்", அதான் ஆத்துல திடீர்னு வர்ற வெள்ளம், வந்தா ஓட நேரம் இருக்காதுன்னார். இங்க வெயில் அடிச்சாலும் மேல மலையில மழை பெஞ்சா தண்ணி ஒரே மூச்சா சுவர் மாதிரி இறங்கும். அதுக்கு முன்ன தெளிவா ஓடுன தண்ணி திடீர்னு கலங்கும், எல, குச்சி, குப்பை மிதந்து வரும், சத்தம் மாறும். அதுல ஒண்ணு தெரிஞ்சாலும் செருப்பைக்கூட தேடாம பிள்ளைங்களைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறணும். இதை என் பிள்ளைங்களுக்கு மனப்பாடமா சொல்லிக் குடுத்திருக்கேன், இப்ப அவங்களே தண்ணி கலரை பாத்து எனக்கு சொல்லுவாங்க.

ரெண்டாவது டெண்ட் 2023 நடுவுல. முதல் டெண்ட்ல பட்ட அடியில, இந்தத் தடவை பெருசா, நல்லதா, ஒரே தடவையா வாங்கிடணும்னு முடிவு பண்ணேன். அந்த முடிவுதான் அடுத்த தப்பு. காட்டன் கலந்த துணி, சுரங்கம் மாதிரி நீளமா, ஆறு மீட்டர் நீளம், உள்ள நிமிந்து நிக்கலாம், படத்துல வெள்ளை வெள்ளையா லைட் எல்லாம் போட்டு அவ்வளவு அழகு. 1,650 வெள்ளி. அதுக்கு ஏத்த காத்து மெத்தை, மேசை, ஃபேன்னு இன்னொரு 540. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, "உனக்கு சரின்னா வாங்கு"ன்னுட்டார், அதுதான் பிறகு எனக்கு ரொம்ப உறுத்துச்சு, அவர் ராத்திரி பகலா ஓட்டி சம்பாதிக்கிற காசு.

பொட்டி வந்தப்பவே தெரிஞ்சிருக்கணும், 28 கிலோ. டெலிவரி பையனும் நானும் சேர்ந்து லிப்ட்ல ஏத்துனோம். மைவி பூட்ல அதை வெச்சா வேற எதுவும் வைக்க முடியல, பின் சீட்டுல பிள்ளைங்க மடியில பாத்திரம், காலுக்கு கீழ ஐஸ் பொட்டி. பேராக்ல இருக்கற கோப்பேங் போனோம். மதியம் ஒரு மணி வெயில்ல நான் ஒரு ஆளா அதை நிக்க வைக்க ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு, பெரியவன் ஒரு முனைய பிடிச்சா இன்னொரு முனை சாயுது, சின்னவ பசிக்குதுன்னு அழுறா. உள்ள போனா அனல். இந்த மாதிரி டெண்ட் எல்லாம் குளிர் ஊருக்குன்னு செஞ்சது, காத்து புகாம இருக்க துணி தரை வரைக்கும் ஒட்டிப் பிடிச்சிருக்கும், வலை ஜன்னல் சின்னது. நமக்கு நேர் எதிரா வேணும், நாலு பக்கமும் பெரிய வலை, அதுக்கு மேல தள்ளி நிக்கிற கவர், நடுவுல காத்து ஓடணும். மழை வந்துச்சு, ஒரு சொட்டு ஒழுகல, அதை சொல்லியே ஆகணும். ஆனா மறுநாள் 12 மணிக்கு எடத்தைக் காலி பண்ணணும், துணி அப்படியே தண்ணி குடிச்சு கனத்துப் போய் கெடக்கு, வேற வழி இல்லாம ஈரத்தோட சுருட்டிட்டு வந்தேன்.

அப்பார்ட்மெண்ட்ல இருக்கறவங்க இந்த எடத்தை ரெண்டு தடவை படிங்க. டெண்ட் வாங்குறப்போ எல்லாரும் எங்க விரிக்கிறதுன்னு யோசிக்கிறோம், எங்க காய வைக்கிறதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல. ஆறு மீட்டர் துணிய 11ஆவது மாடியில எங்க காய வைப்பீங்க? பால்கனி கம்பியில போட்டேன், பாதிகூட விரியல. கார் பார்க்ல விரிச்சேன், காவலுக்கு இருக்கற ஜாகா வந்து எடுக்க சொல்லிட்டார், அவர் மேல தப்பு இல்ல. ஹால்ல சோபாவை தள்ளிட்டு ஃபேனுக்கு அடியில ரெண்டு நாள் போட்டேன், மேல காஞ்சுது, மடிப்புக்குள்ள காயல. காஞ்சிருச்சுன்னு நெனச்சு ஸ்டோர் ரூம்ல வெச்சுட்டேன். அஞ்சு வாரம் கழிச்சு எடுத்தா, கதவை தெறக்கும்போதே வாடை. வெள்ளைத் துணி முழுக்க மிளகை அள்ளித் தெளிச்ச மாதிரி கருப்பு புள்ளி. வினிகர் போட்டேன், சோப்பு போட்டு பிரஷால தேச்சேன், வாடை கொஞ்சம் போச்சு, புள்ளி போகல. குளோராக்ஸ் போடலாமான்னு நெனச்சு, நல்ல வேளை போடல, அது நூலையும் தண்ணி ஒட்டாத பூச்சையும் சேர்த்து அரிச்சிடும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு காட்டன் டெண்ட் வேணும்னா சொந்தமா காம்பவுண்டு, வெயில் படுற எடம் இருக்கணும், அப்பார்ட்மெண்டுக்கு அது வேணவே வேணாம். ஒரே ஒரு ராத்திரி படுத்த டெண்டை 250 வெள்ளிக்கு வித்தேன், புள்ளி இருக்கறதை படம் பிடிச்சு காட்டித்தான் வித்தேன், வாங்குனவர் கடை முன்னால நெழலுக்கு கட்டப் போறதா சொன்னார்.

அப்போதான் பழைய 169 வெள்ளி டெண்டையும் வெளிய எடுத்தேன். அது இன்னொரு பாடம். தரைத் துணி பிசுபிசுன்னு ஒட்டுது, உள்பக்கம் பூச்சு வெயில்ல காஞ்ச தோல் மாதிரி செதில் செதிலா உரிஞ்சு கையோட வருது, சின்னப் பிள்ளை வாந்தி எடுத்த மாதிரி ஒரு நாத்தம். யாராவது உள்ள வாந்தி எடுத்துட்டாங்களோன்னுகூட நெனச்சேன். அப்படி இல்ல, பாலியெஸ்டர் துணிக்கு உள்ள தண்ணி தாங்க பியூ (பாலியூரிதேன்) பூச்சு போடுவாங்க, சூட்டுலயும் ஈரத்துலயும் கெடந்தா அந்த பூச்சே சிதைஞ்சு போயிடும், அதோட வாடைதான் அது. ஒரு தடவை ஆரம்பிச்சிருச்சுன்னா சரி பண்ண முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால காடி பூட்ல டெண்டை விட்டு வைக்காதீங்க, வெயில்ல நிக்கிற காடிக்குள்ள என்ன சூடு இருக்கும்னு நமக்கே தெரியும். இறுக்கி சுருட்டி அதோட பைக்குள்ள திணிச்சு வைக்காம, பழைய தலகாணி உறையில தொளதொளன்னு போட்டு, காத்து படுற எடத்துல வைங்க, மாசம் ஒரு தடவை எடுத்து உதறிப் போடுங்க.

இப்ப சொல்லப் போறதுதான் எனக்கு சொல்லவே கஷ்டமான பகுதி. 2024 ஆரம்பத்துல, டெண்டே வேணாம், வேன் வாங்கிடலாம்னு மனசு போயிருச்சு. ஈரம் இல்ல, கட்டுற வேலை இல்ல, மழை வந்தா கதவை சாத்திட்டு படுத்துக்கலாம். பழைய வேனை கேம்பர்வேனா மாத்தி வெச்சிருந்த ஒருத்தர் 38,000 வெள்ளின்னு விளம்பரம் போட்டிருந்தார். உள்ள கட்டில், சின்ன சிங்க், கூரையில ஓட்டை போட்டு ஒரு காத்தாடி, மர வேலைப்பாடு எல்லாம் கண்ணைப் பறிக்குது. பிள்ளைங்க உள்ள ஏறி படுத்துட்டு எறங்க மாட்டேங்குது. இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னார், அன்னிக்கே 3,000 டெபாசிட் கட்டிட்டேன். ரெசிட்ல கீழ சின்னதா டெபாசிட் திருப்பித் தரப்படாதுன்னு எழுதியிருந்ததை நான் வீட்டுக்கு வந்துதான் படிச்சேன்.

லோனுக்கு போனா, வண்டி கிராண்ட்ல, அதான் பதிவுத் தாள்ல, இருக்கறது ஒண்ணு, வண்டி இருக்கறது ஒண்ணுன்னு நிராகரிச்சுட்டாங்க. பேர் மாத்த போற இன்ஸ்பெக்‌ஷன்லயும் அதே கதை. சீட்டை கழட்டி கட்டில் போட்டது, கூரையை வெட்டுனது எதுக்கும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கவே இல்ல. கட்டிலை எடுத்து, கூரையை அடைச்சு, பழையபடி ஆக்குனாத்தான் பேர் மாறும்னாங்க. அப்புறம் அது என்ன கேம்பர்வேன். காசைத் திருப்பிக் கேட்டேன், ரெசிட்டை பாருங்கன்னுட்டார். பயனீட்டாளர் டிரிபியூனல் போகலாம்னு விசாரிச்சா, அது வியாபாரம் பண்றவங்க மேல போடுறதுக்கு, தனி ஆள் தன் வண்டியை வித்தா அங்க எடுபடாது. மாஜிஸ்திரேட் கோர்ட்டுல 5,000 வெள்ளிக்குள்ள இருக்கற சின்ன வழக்கை வக்கீல் இல்லாம நாமளே போடலாம்னு ஒருத்தர் சொன்னார், ஆனா அந்த ரெசிட்டுல கையெழுத்துப் போட்டது நான், லீவு எடுத்து அலையவும் எனக்கு தெம்பு இல்ல. விட்டுட்டேன். வீட்டுக்காரர்கிட்ட பத்து நாள் கழிச்சுத்தான் சொன்னேன். அவர் போன்ல ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "சாப்பிட்டியா"ன்னு கேட்டார். அவர் திட்டியிருந்தாகூட தேவலன்னு இருந்துச்சு எனக்கு.

மாத்தி அமைச்ச வேன் வாங்குறதா இருந்தா முதல்ல கிராண்டை கையில வாங்கிப் பாருங்க, வண்டி வகை, சீட் எண்ணிக்கை அதுல என்ன இருக்கோ அதே மாதிரி வண்டி இருக்கணும், மாத்துனதுக்கு ஜேபிஜே அனுமதி தாள் கேளுங்க. அதைக் காட்டாம, அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அந்த மாத்தம் தெரியணும், இல்லன்னா அடிபட்டா கிளைம்ல பிரச்சனை. டெபாசிட் கட்டியே ஆகணும்னா, இன்ஸ்பெக்‌ஷன் தேறலன்னா, லோன் வரலன்னா முழுசும் திருப்பணும்னு ரெசிட்ல எழுதி வாங்குங்க. அப்புறம் ஒரு டேப்பை எடுத்து உங்க அப்பார்ட்மெண்ட் கார் பார்க் வாசல் உசரத்தை அளங்க. எங்களோடது 2.1 மீட்டர், ஹை ரூஃப் வேன் எல்லாம் 2.2க்கு மேல. வாங்கியிருந்தாலும் எங்க நிறுத்தியிருப்பேன்னு நான் அதுவரைக்கும் யோசிக்கவே இல்ல.

இதுக்கெல்லாம் பிறகுதான் நான் முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதை செஞ்சேன், ஒரு கேம்பர்வேனை ராத்திரிக்கு 400 வெள்ளின்னு ரெண்டு ராத்திரி வாடகைக்கு எடுத்தேன். போர்ட் டிக்சன் போனோம். அந்த 800 வெள்ளிதான் இந்த மூணு வருஷத்துல நான் செஞ்ச நல்ல செலவு. முதல் ராத்திரியே தெரிஞ்சு போச்சு. வேன் முழுக்க பகல் சூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் வேக்காடு. ஏர்கான் வேணும்னா வெளி கரண்டு கனெக்‌ஷன் உள்ள எடமா இருக்கணும், அது நம்ம ஊர்ல எல்லா கேம்ப்லயும் கிடையாது. கூட குடுத்த பேட்டரி 1,000 வாட் அவர், 400 வாட் ஏர்கானை அதுல போட்டா ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஓடும், அவ்வளவுதான். 20 வாட் ஃபேனுன்னா விடிய விடிய ஓடும். தண்ணி டேங்க் ரெண்டு பிள்ளைங்க கை கால் கழுவுனதுலயே ஒரு நாள்ல காலி. கேரவன்ல தங்கலாம்னு நிறைய எடத்துல விளம்பரம் பாத்திருப்பீங்க, அதுல நிறைய அசையாம ஒரே எடத்துல நிறுத்தி வெச்ச ரூம் மாதிரிதான், ஏர்கானோட ஒரு ராத்திரி தூங்கணும்னா அதுவே போதும், சொந்தமா வண்டி எதுக்கு.

அந்த முதல் ராத்திரி நடந்த ஒண்ணை நெனச்சா இன்னும் எனக்கு கை நடுங்குது. சின்னவளுக்கு வேர்த்து ஊத்துது, தாங்க முடியாம எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஏர்கான் போட்டு, ஜன்னலை எல்லாம் ஏத்திட்டு படுத்துட்டேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும், கண்ணாடியில டக்கு டக்குன்னு தட்டுற சத்தம். பக்கத்துல டெண்ட் போட்டிருந்த ஒரு தமிழ் அண்ணன், கையில டார்ச். "தங்கச்சி, எஞ்சினை ஓட விட்டு தூங்காதம்மா, புகை உள்ள வந்தா வாடைகூட தெரியாது, அப்படியே போயிடுவீங்க, பிள்ளைங்க இருக்கு பாரு"ன்னார். அவருக்கு கோவம் மாதிரி இருந்துச்சு, ஆனா அது கோவம் இல்ல, பயம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாடையும் இல்ல. நின்ன வண்டியில எஞ்சினை ஓட விட்டு தூங்குறதும், டெண்டுக்குள்ள கரி அடுப்பு, கேஸ் அடுப்பு வைக்கிறதும் ஒண்ணுதான், மழை பெஞ்சா என்ன, பசிச்சா என்ன, அடுப்பு வெளியதான். அந்த அண்ணன் அவரோட சின்ன ஃபேனை எங்களுக்கு குடுத்துட்டு அவர் அன்னிக்கு விசிறியோட படுத்தார். நான் ஒரு நன்றி சொன்னேனே தவிர வேற என்ன செய்ய முடியும், அவர் பேருகூட கேக்காம விட்டுட்டேன்.

மறுநாள் காலையில அவரோட செட்டப்பை உக்காந்து பாத்தேன். சாதாரண குமிழ் டெண்ட், அதுக்கு மேல தனியா ஒரு ஃப்ளைஷீட், அதான் பெரிய மழைத்துணி, கூரை மாதிரி கட்டியிருந்தார், அவ்வளவுதான். மழை, வெயில் ரெண்டையும் அந்த ஃப்ளைஷீட் வாங்கிக்குது, டெண்ட் அதுக்கு கீழ நெழல்ல நிக்குது. ஒரு பக்கத்தை தாழ்வா கட்டுனா தண்ணி அந்தப் பக்கமே வழிஞ்சிடும், நடுவுல தேங்காது. சமையல், சாப்பாடு, ஈர செருப்பு எல்லாம் அதுக்கு அடியில. எழுந்து போறப்போ முதல்ல டெண்டை நெழல்லயே மடிச்சு உள்ள வெச்சுட்டு, கடைசியாத்தான் ஃப்ளைஷீட்டை அவுத்தார், கொட்டுற மழையிலகூட அவர் டெண்ட் நனையாது. நான் 1,650 வெள்ளி குடுத்து தேடுனது இதுதான்.

இப்ப எங்ககிட்ட இருக்கறது 620 வெள்ளி டெண்ட், நாலு பேர் அளவு, நாங்க மூணு பேர்தான் பெரும்பாலும் படுக்கறோம், அவர் லீவுல வந்தா நாலு, கொஞ்சம் நெருக்கம்தான், அதுக்கு மேல பெருசுன்னா என்னால தனியா கட்ட முடியாது. 7 கிலோ சொச்சம். கம்பி அலுமினியம், முதல் டெண்ட்ல இருந்த ஃபைபர் கம்பி காத்துல பிளந்து கையில சிலாம்பு ஏறுச்சு, அதனால அதுல மட்டும் விட்டுக் குடுக்கல. 180 வெள்ளிக்கு நாலுக்கு நாலு மீட்டர் ஃப்ளைஷீட், உள்பக்கம் கருப்பு பூச்சு போட்டது, காலைல எட்டு மணி வரைக்கும் பிள்ளைங்க வெளிச்சம் படாம தூங்குது. கூட வர்ற கம்பி ஆணியை வீசிட்டு கெட்டியான இரும்பு ஆணி வாங்குங்க, நம்ம ஆத்தோர மண்ணு மழையில குழைஞ்சு போயிடும், மெல்லிசு ஆணி கயிறோட வந்துடும். ஆணியை டெண்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ச்சு அடிக்கணும். இன்னொண்ணு, காலைல எழுந்தா கவர் உள்பக்கம் ஈரமா இருக்கும், ஒழுகுதுன்னு பயப்படாதீங்க, அது நம்ம மூச்சுக் காத்து குளிர்ந்து படியிறது, மேல இருக்கற காத்து ஜன்னலை மழையிலயும் மூடாம விட்டா குறையும். வீட்டுக்கு வந்த அன்னிக்கே, எவ்வளவு அசதியா இருந்தாலும், டெண்டை நாலு சாப்பாட்டு நாற்காலி மேல விரிச்சு ஃபேனைப் போட்டுட்டுதான் நான் குளிக்கப் போவேன். இது மெல்லிசு துணி, ராத்திரிக்குள்ள காஞ்சிடும்.

ஆபீஸ் தங்கச்சிகிட்ட, நீ இப்ப எதுவும் வாங்காத, முதல்ல எங்க டெண்டை எடுத்துட்டுப் போ, ஒரு மழை ராத்திரி பிள்ளைங்களோட படுத்துப் பாரு, அப்புறம் உனக்கு என்ன வேணும்னு உனக்கே தெரியும்னு சொல்லியிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை உலு லங்காட் போறாங்க, அந்த பாக்சிக் எடத்துக்குத்தான், மேட்டுல ரெண்டு தளம் புக் பண்ணிக் குடுத்துட்டேன். சுத்தியல், கூட ஆறு ஆணி, காய வைக்க கயிறு எல்லாம் பையில போட்டாச்சு, அவளுக்கு தனியா கட்டத் தெரியணுமேன்னு நேத்து ராத்திரி கீழ பிளேகிரவுண்டுல வெச்சு ரெண்டு தடவை கட்டி அவுத்துக் காட்டுனேன், ரெண்டாவது தடவை அவளே 20 நிமிஷத்துல கட்டிட்டா.